தோட்டத்துப் பிள்ளைகளும் அரசாங்கத்தின் நிதியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறிச் சென்றால் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். அகத்தியர் மலைக்குச் செல்லும் வழியில், முகில் தவழும் சரிவுகளில் அமைந்த ஊர் அது. வெள்ளையர் காலத்தில் திருவிதாங்கூர் மலைகளில் தேயிலை பயிரிடப்பட்டபோது, காடு திருத்தவும் கொழுந்து எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தி வகுக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெடுமங்காட்டு மலைகள் கேரளத்தில் நின்றன. ஆகவே அங்கு உழைத்த தமிழர், இருந்த இடத்திலிருந்து ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்துத் தமிழராயினர்.

அத்தகைய தோட்டத்தில் பிறக்கும் குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பொறுப்பாளர் யார்? தாய் மலைமேல் கொழுந்து எடுக்கும் வேளையில் குழந்தையைப் பார்ப்பவர் யார், அதற்கு உணவளிப்பவர் யார், பாட்டும் கதையும் சொல்லி அறிவை மலர்விப்பவர் யார், இவற்றுக்கெல்லாம் பணம் கொடுப்பவர் யார்? இக்கேள்விகளுக்குச் சட்டமும் அரசாங்கமும் காலந்தோறும் வெவ்வேறு விடைகளை அளித்து வந்துள்ளன. அவ்விடைகளை வரிசைப்படுத்திக் காண்பது போனக்காட்டார்க்கு மட்டுமன்றிப் பிற மாநிலங்களில் பிழைப்புத் தேடி வாழும் தமிழர் யாவர்க்கும் பயன்படும் என நம்புகிறோம்.

முதல் விடை, முதலாளியே பொறுப்பாளர் என்பது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் வேலை செய்யும் ஒவ்வொரு தோட்டத்திலும், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகக் குழந்தைக் காப்பகம் ஒன்றை முதலாளி நடத்தவேண்டும் என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு விதித்தது. இடவசதி, வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை ஆகியவை இருக்கவேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது நடைபெறவேண்டும். 1981ஆம் ஆண்டுத் திருத்தம், பெண்களின் எண்ணிக்கை ஐம்பதுக்குக் குறைந்தாலும், அவர்களுடைய குழந்தைகள் இருபது அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று விரிவு செய்தது. இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்றும், மலேயாத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்றும் நம் மக்கள் வழங்கிய அதே ஏற்பாடுதான் இது.

இவ்விடையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்திலிருந்து திரும்பும் நேரம் வரையில் குழந்தைக்கு ஒரு கூரை கிடைத்தது என்பது நன்மை. தோட்டம் நடக்கும்வரையில்தான் அந்தக் கூரை நிற்கும் என்பது குறை. போனக்காடு இதற்குச் சான்று. கடந்த சில பத்தாண்டுகளில் அத்தோட்டம் நலிந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் ஓசை அடங்கியது. ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. பலர் மலையிறங்கி வேறு வேலை தேடிச் சென்றனர். எஞ்சியோர் பழுதடைந்த லயங்களிலேயே வாழலாயினர். காப்பகம் என்பது வேலையோடு கட்டப்பட்ட உரிமை. வேலை அறுந்தபோது அவ்வுரிமையும் அறுந்தது. ஆனால் குழந்தையின் பசியும் கல்வியும் தந்தை தாயரின் வேலைப் பதிவேட்டைப் பார்த்து நிற்பவை அல்லவே!

ஆதலால் இரண்டாவது விடை தேவையாயிற்று. அதாவது, அரசாங்கமே பொறுப்பாளர் என்பது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்தில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அதன் அடிப்படை நிலையமே அங்கன்வாடி. நம்மவர் பலர் பழைய பழக்கத்தினால் பால்வாடி என்றே அதனை அழைப்பர். துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு ஊட்டச்சத்துக் கல்வி, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளை அது ஒரே கூரையின்கீழ் வழங்குகிறது. இன்று நாட்டில் ஏறக்குறைய 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன.

இவ்வளவு பெருகியதற்கு நீதிமன்றமும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த ஆணையில், ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளேனும் உள்ள ஒரு குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையெனில், அம்மக்கள் கோரிய மூன்று மாதங்களுக்குள் அது அமைக்கப்படவேண்டும் என்று கூறப்பட்டது. பின்னர் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறுவதைச் சட்டப்படியான உரிமையாக்கியது. மூன்று வயதைக் கடந்த பிள்ளைக்குக் காலைச் சிற்றுணவும் சமைத்த சூடான உணவும் உண்டு. அவ்வுணவில் 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் இருக்கவேண்டும் என்பது அச்சட்டம் முதலில் வகுத்த அளவு.

உணவு உரிமையாயிற்று, கல்வியோ இன்னும் அந்நிலையை எய்தவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்கு உட்பட்டோரை, அரசாங்கம் முயல வேண்டிய நெறிகளைக் கூறும் 45ஆவது பிரிவில் வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தனது 11ஆவது பிரிவில், முன்பருவக் கல்விக்கு அரசாங்கம் ஏற்பாடு செய்யலாம் என்றே கூறுகிறது. ‘செய்யவேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, நிதி ஒதுக்கும் வேளையில் பெரிதாகத் தோன்றும்.

இனி நிதியைப் பற்றிக் காண்போம். தொடக்கத்தில் பணியாளர், நிருவாகம் ஆகியவற்றின் செலவை மத்திய அரசாங்கம் ஏற்றது; உணவுச் செலவு மாநிலங்களுடையதாக இருந்தது. 2005-06 முதல் உணவுச் செலவில் பாதியை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 2009-10 முதல் பிற செலவுகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மாநிலங்களின்மேல் வந்தது. 2015-16 முதல் அது கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு நூற்றுக்கு நாற்பதாக உயர்ந்தது. 2021 முதல் இத்திட்டம் ‘சக்ஷம் அங்கன்வாடி, போஷண் 2.0’ என்னும் பெயரில் நடைபெறுகிறது.

இந்தப் பங்கீடு ஒரு சிற்றூரை எவ்வாறு தொடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அளவின்படி, ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய். மத்திய அரசாங்கம் நான்கு, மாநிலம் நான்கு. இருபது குழந்தைகள் வரும் மையத்திற்கு நாளொன்றுக்கு 160 ரூபாய். ஆண்டுக்கு 300 நாளெனக் கொண்டால் 48,000 ரூபாய். தோட்டம் நலிந்து மக்கள் இறங்கிச் செல்ல, எட்டுக் குழந்தைகளே எஞ்சினால் நாளொன்றுக்கு 64 ரூபாய்தான். அடுப்போ ஒன்றே; மலைப்பாதையில் பொருள் ஏற்றும் கூலியோ ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் வகுக்கும் முறை நெருங்கிய ஊர்களுக்குப் பொருந்தும்; சிதறிய மலைக்குடியிருப்புகளை அது இளைக்கச் செய்யும்.

பணியாளர் ஊதியத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபர் முதல் நாள்தொட்டு மத்திய அரசாங்கம் வகுத்த அளவு மாதம் 4,500 ரூபாய். அதில் 2,700 மத்தியப் பங்கு. 1,800 மாநிலப் பங்கு. கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்கள் தம் கையிலிருந்து மேலும் சேர்த்துத் தருகின்றன. எனவே ஒரே பணி புரியும் இரு பெண்கள், இரு மாநிலங்களில் இருவகை வருமானம் பெறுகின்றனர். இப்பணியாளர்க்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் முதல் ஆசிரியை அவரே என்பதை நினைவிற்கொண்டால் அத்தீர்ப்பின் நியாயம் விளங்கும்.

மக்கள்தொகை அளவும் அறியத்தக்கது. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி; மலைப்பகுதியில் 300 பேர் இருந்தாலே போதும்; 150 முதல் 300 பேர் வாழும் மலைக்குடியிருப்புகளில் சிறு அங்கன்வாடி அமைக்கலாம். அதற்கும் குறைந்து போன இடங்களில், மையம் நிலைப்பதும் மூடப்படுவதும் மாநிலத்தின் மனத்தைப் பொறுத்தது. அத்தகைய இடத்தில் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஒரு தூணுக்குச் சமம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். அங்கன்வாடி, காப்பகத்திற்கு ஈடாகாது. கேரளத்தில் அங்கன்வாடி பிற்பகல் மூன்றரை மணியளவில் முடிந்துவிடும். காலையில் விடிந்தவுடன் மலையேறும் தாய்க்கு அது போதாது. மேலும் கைக்குழந்தையை நாள் முழுதும் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு அங்கு இல்லை. இக்குறையைப் போக்க 2022ஆம் ஆண்டில் ‘பால்னா’ என்னும் திட்டம் வந்தது. அதன்படி அங்கன்வாடியோடு காப்பகமும் இணைக்கப்படும். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம். நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் நடைபெறும். செலவில் அறுபது பங்கு மத்திய அரசாங்கத்தினுடையது, நாற்பது பங்கு மாநிலத்தினுடையது. மாநிலம் தன் பங்கை ஒதுக்க முன்வந்தால்தான் தொட்டில் ஆடும்.

சட்டமும் அண்மையில் மாறியுள்ளது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல், பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. பெண்கள் ஐம்பது பேர் என்றிருந்த அளவு, ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர் ஐம்பது பேர் என்று தளர்ந்தது நன்றே. ஆனால் இருபது குழந்தைகள் இருந்தாலும் போதும் என்ற பழைய வழி புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. இவ்வசதிகளை முதலாளி தம் பொருளாலோ, அரசாங்கம் அல்லது பஞ்சாயத்தின் திட்டங்கள் வாயிலாகவோ வழங்கலாம் என்றும் இச்சட்டம் இடமளிக்கிறது. முதலாளியின் கடமையும் அரசாங்கத்தின் திட்டமும் இவ்வாறு கலக்கும்போது, ஒருவர் மற்றவரைக் கைகாட்டி இருவரும் விலகிவிடாதபடி பார்ப்பது மாநில விதிகளின் வேலை.

இறுதியாக மொழி. 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடிப்படை நிலை என வகுத்து, வீட்டுமொழியின் இன்றியமையாமையை வலியுறுத்துகிறது. வீட்டில் ‘அம்மா, பசிக்குது’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை, அங்கன்வாடியில் அதே சொல்லைக் கேட்டால் அச்சம் நீங்கும். பின்னர் மலையாளமோ கன்னடமோ மராத்தியோ எளிதில் கற்கும். அயல்மொழியை விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. சொந்த மொழியின் வாசல் வழியே அதற்குள் நுழைய வேண்டும் என்பதே கருத்து.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், வாழும் இடத்து அங்கன்வாடியில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். 2021 முதல் ‘போஷண் டிராக்கர்’ என்னும் கணினிப் பதிவு நடைமுறையில் உள்ளது. இடம் பெயரும்போது பழைய மையத்தில் சொல்லிப் பெயரை மாற்றிக்கொள்ள அதில் வழியுண்டு. குழந்தைக்கு ஆதார் எண் இல்லாவிடினும் தாயின் எண்ணைக்கொண்டு பதியலாம். 2025 ஜூலை முதல் நாள்தொட்டு, வீட்டிற்கு எடுத்துச் செல்லும் உணவுப் பொருளைப் பெற முகப்பதிவு கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளமையால், பெறுபவர் நேரில் சென்று ஒருமுறை பதிந்துகொள்வது நலம். மையமே இல்லாத குடியிருப்பானால், நாற்பது குழந்தைகளின் பெயரும் வயதும் எழுதிக் கையொப்பமிட்டு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கோரிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு இரசீது வாங்கி வையுங்கள். கேரளத்தில் அங்கன்வாடியில் கிராமப் பஞ்சாயத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கிராம சபையில் எழுந்து கேட்பது பயனளிக்கும்.

தேயிலைச் செடி கவாத்துச் செய்தால் மீண்டும் தளிர்க்கும். பல ஆண்டுகள் காத்திருக்கவும் வல்லது. குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளுக்கு அந்த வசதி இல்லை. ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் விடுபட்டதை அடுத்ததில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கருதலாம். அதற்குள் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். தோட்டம் திறந்திருப்பினும் மூடியிருப்பினும், லயத்தில் நூறு வீடிருப்பினும் பத்து வீடிருப்பினும், அங்கு வளரும் பிள்ளைக்கு உணவும் கல்வியும் ஒருநாளும் தவறாமல் கிட்டும்படி பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை. அதனை நினைவூட்டிக்கொண்டே இருப்பது நம் கடமை.