ஊரில் காணாத வெயிலோ? டெனிஸ் கோடையும் எமது உடல்நலமும்



கோடை தொடங்கியதும் எங்கள் வீடுகளில் இரண்டு கதைகள் கேட்கும். ஒன்று, "இந்த முறை வெயில் எப்படி இருக்குமாம்?" மற்றது, "28 பாகைக்கே டெனிஸ்காரர் இவ்வளவு அந்தரப்படுகினம். நாங்கள் ஊரில் காணாத வெயிலோ?" முதற் கேள்விக்கு வானிலை நிலையம் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவது பேச்சில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அதைப் பற்றியும், வெயிலைத் தொடர்ந்து வரும் இடிமழை பற்றியும் இம்முறை விளக்குகிறோம்.

முன்னறிவிப்பை எப்படி வாசிப்பது?

டென்மார்க்கின் வானிலை நிறுவனமான டி.எம்.ஐ. 1872 இல் தொடங்கப்பட்டது. ஒரு பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பு, "வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் வாய்ப்பு அதிகம்" என்ற அளவில் மட்டுமே சொல்லும். எந்தச் சனிக்கிழமை இடி இடிக்கும் என்பதை அது சொல்லாது. எனவே பருவ முன்னறிவிப்பைப் பார்த்து மின்விசிறி, யன்னல் திரை போன்ற ஆயத்தங்களைச் செய்யுங்கள். பயணம், விளையாட்டுவிழா போன்றவற்றை அடுத்த சில நாட்களுக்கான அறிவிப்பைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இடிமழைக்கு அன்றைய அறிவிப்பையே நம்புங்கள்.

மூன்று நாட்களின் உச்ச வெப்பநிலைகளின் சராசரி 28 பாகையைத் தாண்டினால் அதை இங்கே 'ஹெதெபுல்கெ', அதாவது வெப்ப அலை என்பார்கள். இந்நாட்டில் பதிவான மிகக் கூடிய வெப்பம் 36.4 பாகை. அது 1975 ஓகஸ்ட் 10 அன்று ஹொல்ஸ்டெப்ரோவில் பதிவானது. 2022 யூலை 20 அன்று லொலண்ட் தீவில் 35.9 பாகை பதிவானது. 2018 இல் மே மாதமே தொடங்கிய வெயில் கோடை முழுவதும் நீடித்து வயல்களைக் காயவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

ஊர் வெயிலும் இங்கத்தை வெயிலும்

யாழ்ப்பாணத்தில் 33 பாகை சாதாரணம். அப்படியானால் இங்கே 30 பாகை ஏன் உடலை வாட்டுகிறது? மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வீடு. ஊர் வீடு வெப்பத்தை வெளியே விடக் கட்டப்பட்டது. உயர்ந்த கூரை, விறாந்தை, முற்றத்து வேம்பு, சோளகக் காற்று, கிணற்றடிக் குளிப்பு எல்லாம் இருந்தன. டெனிஸ் வீடு குளிர்காலத்துக்காக வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கக் கட்டப்பட்டது. பெரிய கண்ணாடி யன்னலால் வந்த சூடு இரவிலும் வெளியேறாது. மாடிக் குடியிருப்புகளின் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, பகலின் நீளம். யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணித்தியாலம். ரண்டர்ஸில் பதினேழரை மணித்தியாலத்துக்கு மேல். மேற்குப் பக்க யன்னலில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். வீடு ஆறுவதற்கு நேரமே இல்லை.

மூன்றாவது, எங்கள் உடல். வெயிலுக்குப் பழகிய உடல் விரைவாக வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும். இந்தப் பழக்கம் வர ஒன்று இரண்டு வாரங்கள் வேண்டும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் அது போய்விடும். முப்பது வருடங்களுக்கு முன் ஊரில் தோட்டம் கொத்தியவரின் உடலில் அந்தப் பழக்கம் இன்று இல்லை. வயதும் கூடிவிட்டது.

2003 ஓகஸ்ட்டில் பிரான்ஸைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதியோர். பலர் தனியாக வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் விடுமுறையில் போயிருந்த மாதம் அது. எங்கள் குடும்பங்களிலும் முதியோர் தனியாக வாழும் காலம் வந்துவிட்டது.

கூடிய கவனம் தேவைப்படுவோர்

முதியோருக்குத் தாக உணர்வு குறையும். "தாகமில்லை" என்று அம்மா சொன்னாலும் உடலில் தண்ணீர் இருக்கிறது என்பதல்ல. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் எடுக்கும் சில மருந்துகள், முக்கியமாகச் சலம் போக வைக்கும் குளிசைகள், உடல்நீரை மேலும் குறைக்கும். நீரிழிவு எம்மவரிடையே அதிகம். இந்த மருந்துகளை வெயில் நாட்களில் எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இதய, சிறுநீரக நோயாளர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் வைத்தியரே சொல்ல வேண்டும். இன்சுலினைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

வெயில் நாட்களில் செய்ய வேண்டியவை

1. பகலில் வெயில் படும் யன்னல்களை மூடித் திரை போடுங்கள். இரவில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள்.

2. பொரியல், நீண்ட நேரச் சமையலைக் காலையிலேயே முடியுங்கள். மோர், தேசிக்காய்த் தண்ணீர், தர்ப்பூசணி நல்லவை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறையுங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

3. குழந்தைகளைக் காருக்குள் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வெளியே 24 பாகை இருக்கும்போதே, பூட்டிய காருக்குள் அரை மணித்தியாலத்தில் 40 பாகையைத் தாண்டலாம்.

4. கோயில் திருவிழாவுக்கு விரதத்துடன் போவோர், காவடி எடுப்போர் தண்ணீரையும் விலக்க வேண்டாம். தார் வீதியில் வெறுங்காலுடன் நடக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

தலைச்சுற்று, தலையிடி, குமட்டல், அதிக வியர்வை இருந்தால் நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால், நினைவு மங்கினால், உடல் நெருப்பாய்க் கொதித்தால் உடனே 112. உதவி வரும்வரை ஈரத்துணியால் உடலைக் குளிர்வியுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெயிலின் பின்னால் வரும் இடி

ஊரில் இடிக்காலம் பங்குனி, சித்திரையும் ஐப்பசி, கார்த்திகையும். இங்கே அது யூலை, ஓகஸ்ட். தெற்கிலிருந்து வந்த சூடான ஈரக்காற்றின் அடியில், மேற்கிலிருந்து குளிர்காற்று புகுந்து அதை மேலே தள்ளும்போது இடிமுகில் எழுகிறது. ஆகவே வெப்ப அலையின் கடைசி நாள் பெரும்பாலும் இடிமழை நாளாக இருக்கும். பிள்ளைகள் மைதானத்திலும் நாங்கள் குடெனோ ஆற்றங்கரையிலும் நிற்கும் காலமும் அதுதான்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் முழக்கம் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது, உடனே வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். தனிமரம், கூடாரம், கோல் கம்பம் பாதுகாப்பல்ல. தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஆற்றை விட்டு விலகுங்கள். கடைசி முழக்கத்தின் பின் 30 நிமிடம் பொறுங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்காது. பயமின்றித் தொட்டு முதலுதவி செய்யலாம். "அர்ச்சுனா" என்று சொல்லலாம், ஆனால் உள்ளே வந்து சொல்லுங்கள்!

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னொரு கவனம். புல் மகரந்தம் பறக்கும் யூன், யூலையில் இடிக்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டலாம். 2016 நவம்பரில் மெல்பேணில் இவ்வாறு பத்துப் பேர் இறந்தார்கள். இழுப்பு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யன்னலை மூடி உள்ளே இருங்கள்.

வெள்ளத்தில் விளையாட வேண்டாம்

அரை மணித்தியாலத்தில் 15 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் அது 'ஸ்கூபுறுத்', மேகவெடிப்பு. 2011 யூலை 2 அன்று கொப்பன்கேகனில் இப்படிப் பெய்து நிலவறைகள் நிரம்பின. சாக்கடை கலந்த அந்த நீரால் ஒருவர் எலிக்காய்ச்சல் வந்து இறந்தார். நிலவறையைத் துப்பரவு செய்யும்போது கையுறையும் சப்பாத்தும் போடுங்கள். கடும் மழைக்குப் பின் சில நாட்கள் ஆற்றிலும் பியோர்ட்டிலும் குளிக்க வேண்டாம்.

உறவுகளே, வெப்ப அறிவிப்பு வந்த நாளில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குக் காலையிலும் மாலையிலும் தொலைபேசி எடுங்கள். "சுகமோ?" என்று மட்டும் கேட்காமல், "இன்றைக்கு எத்தனை குவளை தண்ணீர் குடித்தீங்கள்? யன்னல் திரை போட்டாச்சோ?" என்றும் கேளுங்கள். "இது என்ன வெயில்" என்று அவர் சிரித்தாலும் நேரில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.