கல் மேல் ஓர் ஊர்!

கல்லுக்குள் தேரை இருக்கும்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்போம். கல் மேலேயே ஓர் ஊர் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும் நண்பர்களே! அந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பெரு நாட்டுக்கு மேற்கே, 4000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கே வெயில் எட்டாது. தண்ணீர் ஐஸ் மாதிரி குளிரும். அழுத்தமோ, தரையில் நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 400 மடங்கு!

அது என்ன கல்?

பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி கறுப்பா இருக்கும். கடல் தரையில் கிடக்கும் ஒரு சுறாப்பல்லையோ கல்துண்டையோ சுற்றி மாங்கனீசும் இரும்பும் படலம் படலமாகப் படிந்து உருண்டையாகிறது. கூடவே நிக்கல், தாமிரம், கோபால்ட்டும் சேர்கின்றன. 1870-களில் 'சேலஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களை ஆராய்ந்தபோது இவற்றை அள்ளி எடுத்தது.

வளர்ச்சி எவ்வளவு தெரியுமா? பல இடங்களில் 10 லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான்! நம்ம நகம் ஒரே மாசத்தில் அவ்வளவு வளர்ந்துடும்.

யார் குடியிருக்கிறார்கள்?

ஆழ்கடல் தரை முழுக்கச் சேறு. சேற்றில் கம்பை நட்டா நிக்குமா? அதே கஷ்டம்தான் கடற்பஞ்சுக்கும் பவளத்துக்கும் கடற்சாமந்திக்கும். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவற்றுக்குக் கல் வேணும். சில கடற்பஞ்சுகள் கல்லில் வேரூன்றி, நீளமான தண்டு விட்டு உயர்ந்து நிற்கும். மேலிருந்து பனித்தூள் போல விழும் உணவுத் துணுக்குகளை நீரோட்டத்திலிருந்து வடிகட்டிச் சாப்பிடும்.

அந்தக் கடற்பஞ்சு செத்த பிறகும் தண்டு நிற்கும். அதில்தான் ஒரு வெள்ளை ஆக்டோபஸ் வந்து முட்டையிடுகிறது! தாய் தன் கைகளால் முட்டைகளை அணைத்தபடி காவல் இருப்பதை விஞ்ஞானிகள் படம் பிடித்து 2016-ல் வெளியிட்டார்கள். இது எத்தனை நாள் அடைகாக்குமோ! கலிஃபோர்னியா கடலில் 1400 மீட்டர் ஆழத்தில் வேறொரு வகை ஆக்டோபஸ் தாய் 53 மாதம் அடைகாத்ததைப் பார்த்திருக்கிறார்கள். நாலரை வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு!

ஆக, கல் இருந்தால் கடற்பஞ்சு. கடற்பஞ்சு இருந்தால் ஆக்டோபஸ் குஞ்சு. கல்லை எடுத்துட்டா?

உழுத தடம் அழியலை

இதைத் தெரிந்துகொள்ள ஜெர்மன் விஞ்ஞானிகள் 1989-ல் அதே பெரு கடலில், கலப்பை மாதிரி ஒரு கருவியால் தரையை உழுதார்கள். கற்கள் சேற்றுக்குள் புதைந்தன. 26 வருஷம் கழித்து, 2015-ல் போய்ப் பார்த்தால் நேற்று உழுத மாதிரி தடம் அப்படியே இருக்கு! கல்லில் ஒட்டி வாழும் உயிர்கள் அங்கே திரும்பி வரவில்லை.

நமக்கு என்ன?

செல்போன், மின்சார வண்டி பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேணும். அதனால் பல நாடுகளுக்கு இந்தக் கற்கள் மேல் கண். இந்தியாவும் 2002-ல், மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பை ஆராய ஒப்பந்தம் போட்டது. சென்னையில் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'வராஹா' என்ற இயந்திரத்தை 2021-ல் 5270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. சாதனைதான், கை தட்டலாம்! ஆனா எடுத்த கல் நம்ம பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்ப முளைக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய செல்போனையும் பேட்டரியையும் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுப்போம். அதிலும் இதே உலோகங்கள்தான் இருக்கு!

★ துளி: ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, இதே மாதிரி கற்கள் நிறைந்த கடல் பகுதியில் 5,578 வகை உயிர்கள் இருப்பதாக 2023-ல் கணக்கிட்டார்கள். அதில் அறிவியல் பெயர் பெற்றவை 436 மட்டுமே!

– அறிவியல் மன்றம், 9ஆம் வகுப்பு