வளையல் கடைத் தெருவும் வரதனின் கணக்கும்

லாட் பஜாரில் வளையல் வாங்காத தமிழ்க் குடும்பம் நம் ஹைதராபாத்தில் அநேகமாக இருக்காது. ரம்ஜான் மாதத்து மாலையில் அங்கே போனால் நம் இஷ்டப்படி ஓர் அடி வைக்க முடியாது. முன்னால் இடம் விழுந்தால் ஓர் எட்டு வைப்போம். பின்னால் நகர்வதும் உண்டு. நமக்கு மற்றவர்கள் இடைஞ்சல், மற்றவர்களுக்கு நாம் இடைஞ்சல். இந்த நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதில் பெரும் பங்கு செய்தவர் சென்னையில் பிறந்த ஒரு தமிழர்.

பேராசிரியர் எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1940-ல் பிறந்தார். தந்தையார் பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி.ஆர். ராவ் அவர்களிடம் ஆய்வு செய்து, 1963-ல் நியூயார்க்கின் கூரண்ட் கழகத்துக்குச் சென்றார். 2007-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கணக்கு இதுதான். வரிசையாகக் கட்டங்கள், சிலவற்றில் துகள்கள். ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு துகளும் பூவா தலையா போட்டுப் பார்த்து, வலப்பக்கமோ இடப்பக்கமோ நகரப் பார்க்கும். அங்கே ஆள் இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். 1970-ல் ஃபிராங்க் ஸ்பிட்சர் இதைக் கணித உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இப்போது ஒரே ஒரு துகளுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசுங்கள். மற்ற துகள்கள்தான் அதற்குச் சூழல். அந்தச் சூழலோ நொடிக்கு நொடி மாறுகிறது. தனியாக நடக்கும் துகள், 16 மடங்கு நேரம் கொடுத்தால் சராசரியாக 4 மடங்கு தூரம் விலகும். ஆனால் ஒற்றை வரிசையில் ஒன்றையொன்று முந்த முடியாத துகள், அதே நேரத்தில் 2 மடங்கு தூரம்தான் போகும். 1983-ல் ரிச்சர்ட் அர்ராஷியா இதை நிரூபித்தார்.

விலகிப் போக இடம் இருந்தால்? 1986-ல் வரதனும் குளோட் கிப்னிஸும் அழகான ஒரு வழி கண்டார்கள். நாமே சிவப்புத் துகளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது! அப்படிப் பார்த்தால், பக்கவாட்டில் ஒதுங்க வழியுள்ள இடத்தில் பழைய 4 மடங்கு விதியே திரும்பி வருகிறது. நெரிசலால் வேகம் குறையும், விதி குலையாது.

2010 ஆகஸ்டில் உலகக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவில், நம் ஹைதராபாத்தில் நடந்தது. அதில் வரதன் ஆபெல் சொற்பொழிவு ஆற்றினார். அவருடைய ஆசான் ராவின் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனமும் கச்சிபௌலியில் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது.

இந்த ஊரில் நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு முடியுமுன்பே பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறோம். எல்லோருக்கும் ஒரே நுழைவுத் தேர்வு, ஒற்றை வரிசை. கணக்கு என்றாலே அவர்களுக்கு ரேங்க் என்று ஆகிவிட்டது. வரதன் தமக்குப் பிடித்த புள்ளியியல் பக்கம் ஒதுங்கியவர். எவ்வளவு தூரம் போனார் என்று பார்த்தோம். நம் வீட்டுப் பிள்ளை வேறு எதையாவது ஆசையோடு கேட்டால், ஒதுங்கிப் போகக் கொஞ்சம் இடம் கொடுப்போமே!