அடையாள அட்டையில் இல்லாத புதிய குறைபாடு: என்ன செய்வது?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றவர்களில் பலர், அத்துடன் மதிப்பீடு முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். ஆனால் அட்டையிலுள்ள சதவீதம், மதிப்பிட்ட நாளின் உடல்நிலையை மட்டுமே காட்டும். பின்னர் சேரும் குறைபாடு பதிவாகாதவரை, உதவித்தொகையோ உபகரணமோ வழங்கும்போது அது கணக்கில் வராது. எனவே, புதிய குறைபாட்டை எப்போது, எவ்வாறு சேர்ப்பது என்பதை இங்கே விளக்குகிறோம்.

நமது கடற்கரையில்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்குகுளிப்பு இன்றும் தொடர்கிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். அவை தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும். அப்போது நடமாட்டக் குறைபாடு எனச் சான்று வழங்கப்படும். ஆயினும் அதே அழுத்த மாற்றம் உட்செவியையும் பாதிக்கக்கூடும். தொடையெலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதைவதோ மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தே வலியாக வெளிப்படும்.

கடலோடு தொடர்பில்லாதவர்களுக்கும் இது பொருந்தும். இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவருக்கு அறுபது வயதில் சர்க்கரை நோயால் பார்வை மங்கலாம்.

எவையெவை பதிவாகும்?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. நடுக்குவாதம், தசைச்சிதைவு நோய், ஹீமோபிலியா, தலசீமியா முதலியனவும் இப்போது அதில் அடங்கும். சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை தனி வகைகளாக இடம்பெறவில்லை. எனினும் அவற்றின் விளைவாகக் கால் அகற்றப்பட்டாலோ பார்வை குறைந்தாலோ, அந்த விளைவு மதிப்பிடப்படும்.

சதவீதம் கூட்டப்படும் முறை

இரு குறைபாடுகளின் சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை. அரசின் வழிகாட்டுதலின்படி, பெரிய எண்ணை 90-லிருந்து கழிக்க வேண்டும். கிடைப்பதைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். அந்த விடையைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். நடமாட்டக் குறைபாடு 45, செவித்திறன் குறைபாடு 40 எனக் கொள்வோம். 90-இல் 45 போக மீதி 45. அதை 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 20. ஆக மொத்தம் 65 சதவீதம், 85 அன்று. இதை முன்னரே அறிந்திருந்தால், சான்றிதழைப் பார்த்து மனம் நோக வேண்டியதில்லை.

எண்ணைப் போலவே வகையும் முக்கியம். தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் அதைப் பெற 75 சதவீதம் வேண்டும்; தசைச்சிதைவு நோய், நடுக்குவாதம் போன்றவற்றுக்கு 40 சதவீதமே போதும். பழைய அட்டையில் நடமாட்டக் குறைபாடு 50 சதவீதம் என்று மட்டும் இருப்பவருக்கு, பின்னர் வந்த நடுக்குவாதம் பதிவானால், அதுவரை திறவாத வழி திறக்கலாம்.

மறுமதிப்பீட்டுக்குச் செல்லுமுன்

முதலில், புதிய குறைபாட்டுக்குரிய சிறப்பு மருத்துவரிடம் அறிக்கை பெறுங்கள். பக்கவாதம் போன்ற நோய்களில் இயன்ற மீட்சி நிலைபெற வேண்டும் என்பதால், ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே மதிப்பீடு செய்யப்படும். பின்னர் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் செல்ல வேண்டும். விண்ணப்பிக்க இயலாதோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பழைய சான்றிதழ், ஆதார், வீடு திரும்பியபோது தந்த சுருக்க அறிக்கை, செவித்திறன் ஆய்வு, எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள்.

“மறுபடியும் போனால் இருப்பதும் குறைந்துவிடுமோ?” என்று குடும்பத்தார் அஞ்சுவதைக் காண்கிறோம். பழைய குறைபாடும் மீண்டும் பார்க்கப்படலாம் என்பது உண்மையே. அதனால்தான் பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் தவறாது எடுத்துச் செல்லச் சொல்கிறோம். முடிவு ஏற்புடையதாக இல்லையெனில், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மருத்துவமனைக் குறிப்பேட்டிலும் சேருங்கள்

அட்டையில் இடம்பெறாத நோயையும் எங்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கால் உணர்விழந்தவருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்தால், படுக்கைப்புண் ஆறுவது கடினம். மெத்தை, உடலைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம், உணவு ஆகிய அனைத்தையும் மாற்றியமைக்க வேண்டும். செவி மந்தமானவருக்கு மருந்து அளவை வாயால் சொல்லாமல் எழுதித் தர வேண்டும். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடமும் இம்மாற்றங்களைத் தெரிவியுங்கள்.

இம்மாற்றங்களை முதலில் காண்பவர் பெரும்பாலும் உடனிருந்து பராமரிப்பவரே. இருமுறை அழைத்தும் திரும்பாமை, படியிறங்கத் தயங்குதல், கையெழுத்துச் சிறுத்துப்போதல் ஆகியவற்றை முதுமை என்று ஒதுக்கிவிடாமல், நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, அந்தக் குறிப்பையும் அடையாள அட்டையையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.