பசி கற்பிக்காத பாடம்

மீனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பூனையை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். கண்டது மாத்திரமன்று, ஏழு ஆண்டுகளாக அதனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் வருகிறேன்.

கம்பநாடர் தம் காவியத்தின் அவையடக்கத்திலே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். பூனையின் உணவாசைக்கு எல்லையில்லை என்பதே நம்மவர் முடிபு. அம்முடிபு பொய்யென்று காட்டுவதற்காகவே பிறந்தவன் போன்றவன் எங்கள் வீட்டுக் கறுவல்.

ஐந்தாறு வாரக் குட்டியாக மதகடியிற் கிடந்து கத்தியவனை என் மகள் புத்தகப் பையினுள் வைத்துக் கொண்டுவந்தாள். கடையிலே பையில் அடைத்து விற்கும் உலர்ந்த தீனை வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்து வளர்த்தாள். பின்னர் ஊறவைப்பதும் நின்றது. கடலைப் பருப்பளவான அந்த மணிகளைக் காலையில் ஒருமுறை தட்டில் நிரப்பிவிட்டால் அன்றைய கவலை தீர்ந்தது. நாற்றமில்லை, பழுதடைவதில்லை, பூனையும் வேண்டியபோது வந்து நறுக்கு நறுக்கென்று கடித்துத் தின்றுவிட்டுப் போகும். மகள் பேராதனைக்குப் படிக்கப் போனபோது கறுவலும் அவனுடைய தீன் பையும் என் பொறுப்பாயின. நானும் அம்முறையையே தொடர்ந்தேன்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்து வெயிலில் ஒரு காலை, கறுவல் தன் மணற்பெட்டியில் ஏறுவதும் குந்துவதும் இறங்குவதுமாக இருந்தான். நான் மலச்சிக்கல் என்று எண்ணினேன். மத்தியானம் அவன் அடிவயிற்றைத் தொட்டபோது, என்றுமே கேளாத ஒரு குரலில் அலறினான். உடனே கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டோடினேன்.

மலமன்று, சிறுநீர் அடைத்திருந்தது. கடுவன் பூனைகளின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுக்கமானது. மணல்போன்ற நுண்படிகங்களும் சளியும் சேர்ந்து அதனை அடைத்துவிட்டால், கழியவேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தங்கிவிடும். பொற்றாசியம் ஏறி இருதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளிற் கதை முடிந்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, அவனை மீட்டுத் தந்தார் வைத்தியர். என்னிடம் முன்னொருகாற் படித்தவர்; இளம் பெண். கூடையைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"சேர், இனி இவருக்கு ஈரத்தீன்தான் குடுக்கவேணும். தண்ணி உள்ளுக்குப் போனால்தான் இந்த மண் கழுவுப்படும்."

"தண்ணீர்ச் சட்டி எந்நேரமும் நிறைந்துதானே இருக்கிறது?" என்றேன்.

"இருக்கும் சேர். ஆனால் பூனை தேவையான அளவுக்குக் குடியாது."

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது அச்சொல்லின் உண்மை விளங்கிற்று. நம் வீட்டுப் பூனைகளெல்லாம் வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப் பூனையின் வழித்தோன்றல்கள் என்பதனை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. சைப்பிரசுத் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்த செய்தி 2004இல் வெளியாயிற்று. நம்மோடு அத்துணைக் காலம் பழகியும், வறண்ட நிலத்து உடலைப் பூனை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி இரையிலிருந்தே வந்தது. எலியின் உடலில் நூற்றுக்கு எழுபது பங்களவு நீர்தானே! ஆதலால் தாகம் அதற்குக் குறைவு. சிறுநீரோ மிகச் செறிவானது.

உலர்தீனில் உள்ள நீர் நூற்றுக்குப் பத்து அல்லது அதனினுங் குறைவு. ஈரத்தீனிலோ எழுபத்தைந்து முதல் எண்பது வரை. உலர்தீன் உண்ணும் பூனை சட்டித் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மொத்தக் கணக்கில் அது ஈரத்தீன் உண்ணும் பூனைக்குப் பின்தங்கியே நிற்கும். சிறுநீர்ப்பை அழற்சியுற்ற பூனைகளை ஓராண்டு கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உலர்தீன் உண்டவற்றுள் நூற்றுக்கு 39 பங்கிற்கும், ஈரத்தீன் உண்டவற்றுள் நூற்றுக்கு 11 பங்கிற்கும் நோய் திரும்பிற்று. உலர்தீன் நஞ்சன்று, அதனையே தின்று நெடுங்காலம் நலமாக வாழும் பூனைகள் பல. மனக்கலக்கமும் இந்நோய்க்கு ஒரு காரணமாகும். ஆனால் ஒருமுறை அடைப்புக் கண்ட கடுவனுக்கு நீரே மருந்து என்பதில் ஐயமில்லை.

மருந்தைக் கண்டுகொண்டேன். உண்ணச் செய்வது எங்ஙனம்?

விலையுயர்ந்த ரின் ஒன்றை வாங்கிவந்து, விருந்து படைப்பவனைப்போலத் தட்டில் இட்டேன். கறுவல் வந்தான், மோந்தான், பின் முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையை விறாண்டினான். மணற்பெட்டியில் மலத்தை மூடுவதற்குச் செய்யும் அதே சைகை! அயல்வீட்டு ஆச்சி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இது செல்லம் குடுத்ததாலை வந்த கொழுப்பு. ரண்டு நாள் பட்டினி போட்டுப் பாரும். மூண்டாம் நாள் கல்லையும் தின்னும்."

பசி வந்தவிடத்தில் மானமும் குலமும் நில்லா என்று ஒளவையாரும் நல்வழியிற் கூறியிருக்கிறாரன்றோ? முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உலர்தீன் பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

முதல் நாள் கறுவல் பெட்டகத்தின் முன்னிருந்து கத்தினான். இரண்டாம் நாள் கத்துவது குறைந்தது. வெற்றி நெருங்குகிறது என்று எண்ணினேன். மூன்றாம் நாள் அவன் கத்தவேயில்லை. குசினி மூலையில் நான்கு கால்களையும் உடம்பின்கீழ் மடக்கி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடந்தான். தட்டில் ஈரத்தீன் காய்ந்து கறுத்திருந்தது. பின்னேரம் பயம் பிடித்து வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சேர், பட்டினி போட்டனீங்களோ?" என்றார் அவர். அதன்பின் சற்றுநேரம் பேச்சில்லை. எத்தனையோ பிள்ளைகளைத் தலைகுனியச் செய்த அந்த மௌனத்தை அன்று நான் கேட்டேன்.

பிறகு அவர் விளக்கினார். மனிதனும் நாயும் சில நாட்பட்டினியைத் தாங்கும். பூனை அங்ஙனமன்று. சில நாட்கள் உண்ணாதிருந்தால் அதன் உடற்கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலை நோக்கிப் பாயும். அதனை முழுவதும் கையாள மாட்டாத ஈரல் தானே கொழுப்பால் நிறைந்து செயலிழக்கும். காதின் உட்புறத்திலும் முரசிலும் மஞ்சள் படரும். அந்நிலையில் பூனைக்குப் பசியே இராது. குழாய் வழியாக வாரக்கணக்கில் ஊட்டினாலன்றி உயிர் தங்காது. கொழுத்த பூனைக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். கறுவலோ கொழுத்தவன்.

"முரசைப் பாருங்கோ. மஞ்சளாக் கிடக்குதோ?"

இல்லை, வெளிறியிருந்தது, மஞ்சளில்லை. பெட்டகத்தைத் திறந்து உலர்தீனைக் கையில் ஏந்தி அவன் முகத்தருகே நீட்டினேன். நெடுநேரம் மோந்தபின் ஒரு மணியை எடுத்தான். பின்னர் இன்னொன்று. அவன் அதைக் கடித்த ஓசையைப்போல இனிய ஓசையை நான் கேட்டதில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவன் பிடிவாதம் பிடித்தான் என்றல்லவா நான் தண்டித்தேன்? உண்மையில் அவன் பிடித்தது பிடிவாதமா?

அன்று என்று அறிஞர் கூறுகின்றனர். பூனைக்குட்டி எது உணவு, எது உணவன்று என்பதைத் தாயிடமிருந்தும் முதல் மாதங்களிற் கிடைக்கும் தட்டிலிருந்துமே கற்கிறது. வாண்டா விர்விக்கா என்ற ஆய்வாளர் 1978இல் வெளியிட்ட பரிசோதனையொன்று வியப்பானது. வாழைப்பழம் உண்ணப் பழக்கப்பட்ட தாய்ப்பூனைகளோடு இருந்த குட்டிகள், தாமும் வாழைப்பழத்தை உண்ணலாயின! பூனைக்கோ இனிப்புச் சுவையே தெரியாது. அச்சுவையை அறியும் மரபணு அதனிடம் பழுதுற்றிருப்பது 2005இல் அறியப்பட்டது. சுவைக்காக அன்று, தாய் உண்டாள் என்பதற்காகவே குட்டி உண்டது. கறுவலுக்குத் தாயில்லை. தட்டும் அதிலிருந்த மணிகளுமே அவனுக்குத் தாய் காட்டிய பாடம். அந்த மணிகளின் மேற் பூசப்படும் கொழுப்பும் ஈரற் சாறும் அப்பாடத்தை மேலும் உறுதிப்படுத்தின. நறுக்கென்று உடையாதது எதுவும் அவன் அகராதியில் உணவே அன்று.

தெனாலிராமன் கதை எல்லாரும் அறிந்ததே. கொதிக்கும் பாலில் வாயை வைத்துச் சூடுபட்ட பூனை, பின்னர் பாலைக் கண்டாலே ஓடிற்று. அரசன் சிரித்தான், நாமும் சிரித்தோம். வெறுப்பு எப்படி உண்டாகிறது என்பதற்கு அதனினும் நல்ல விளக்கம் வேறில்லை. நானும் அந்த மூன்று நாட்களில் ஈரத்தீனைக் கொதிபாலாக்கிவிட்டேன். அத்தட்டைக் கண்டாலே அவன் எழுந்து போனான்.

ஆகவே அரிவரியிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இம்முறை வைத்தியர் சொற்படி.

முதல் வாரம் உணவை மாற்றவில்லை, வேளையைத்தான் மாற்றினேன். நாள் முழுதும் நிறைந்திருந்த தட்டை எடுத்துவிட்டு, அதே அளவு உலர்தீனை நான்கு வேளைகளாகப் பகிர்ந்து, வேளைக்கு அரைமணி நேரம் வைத்தேன். வேளைக்கு வேளை இயல்பான பசி எழுந்தது. அது பட்டினியன்று. இரண்டாம் வாரம் அவன் தட்டுக்கு ஒரு முழத் தூரத்தில் வேறொரு தட்டில் நெல்லிக்காயளவு ஈரத்தீனை வைத்தேன். உண்ணும்படி வற்புறுத்தவில்லை, அதன் மணம் அவனுக்குப் பழகினாற் போதும். நாள்தோறும் அத்தட்டு ஓரங்குலம் கிட்ட வந்தது.

மூன்றாம் வாரம் உலர்தீனை அம்மியில் தூளாக்கி, ஈரத்தீனின்மேல் திருநீறுபோலத் தூவினேன். தீனைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து உடற்சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கினேன். பூனை நாவினால் உண்பதற்கு முன்னே மூக்கினால் உண்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தீனுக்கு மணமில்லை. அப்போதுதான் கொன்ற இரையின் சூடே அதற்கு உவப்பானது. ஆழமான கிண்ணத்தில் இடாமல், மீசை தட்டுப்படாத அகன்ற தட்டில் இட்டேன். ஞாயிறுதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு நிறைகாட்டியில் ஏறி, என் நிறையைக் கழித்து அவன் நிறையைக் குறித்துவைத்தேன். ஒரு நாளாவது அவன் வயிறு நிரம்பாவிட்டால் ஒருபடி பின்வாங்குவது என்பது எங்கள் உடன்படிக்கை. இருமுறை பின்வாங்கினோம்.

பத்தொன்பதாம் நாள் தூளை நக்கிய நாக்கு, தூளின்கீழிருந்ததையும் நக்கியது. நக்கியவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் மூச்சுவிடாமல் நின்றேன். மறுபடியும் குனிந்தான்.

ஏழாம் வாரத்தின் முடிவில் ஈரத்தீனே அவன் உணவாயிற்று. ஒவ்வொரு வேளையும் ஒரு கரண்டி வெந்நீரையும் அதிற் கலக்கிறேன். மணற்பெட்டியில் முன்பு கொட்டைப்பாக்களவு நனைந்த மண் இப்போது தேசிக்காயளவு நனைகிறது. நான் அதை அளப்பதைக் கண்டு ஆச்சி சிரிப்பார். சிரிக்கட்டும்.

இம்முயற்சியில் இறங்குவோர்க்கு இன்னும் சில சொல்லவேண்டும். நம் வீட்டு மீன் கறியை ஈரத்தீனென்று கொடுத்தலாகாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. அவித்த மீனும் சோறும் மாத்திரம் கொடுத்துவருதலும் போதாது. தோரின் என்னும் சத்து இல்லாவிட்டால் பூனையின் கண் மங்கும். இருதயமும் விரிந்து தளரும். அவ்விருதய நோயின் காரணத்தைக் கலிபோர்ணியாவில் போல் பியன் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1987இல் வெளியிட்டனர். ஆதலால் முழுமையான உணவென்று குறிக்கப்பட்ட தீனையே வாங்கவேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஈரத்தீனை ஒரு மணி நேரத்துக்குமேல் தட்டில் விடலாகாது. உலர்தீன் பல்லைத் துலக்கும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் நம்பிக்கை மாத்திரமே. நோயுற்ற பூனையாயின் மிருக வைத்தியரைக் கேளாமல் எதுவும் செய்யலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு நாள் முழுவதும் உண்ணாத பூனையை அதன் போக்கில் விடலாகாது.

ஆச்சியின் பட்டினி வைத்தியத்தை நான் ஏன் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டேன் என்று பலமுறை எண்ணிப்பார்த்தேன். மூலையில் நிறுத்திய பிள்ளை மூன்றாம் நாள் மௌனமானபோதெல்லாம், பாடம் படிந்துவிட்டது என்றே நான் எண்ணிவந்திருக்கிறேன். அம்மௌனம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதனை ஒரு பூனையின் முரசைத் திறந்து பார்த்த பின்னரே அறிந்தேன். அப்பிள்ளைகளுள் எவரையும் இப்போது திருப்பி அழைக்கமுடியாது.

கறுவல் இன்று நலமாக இருக்கிறான். ஆனால் ஒன்று: ஈரத்தீனின்மேல் மூன்று உலர்மணிகளை வைத்தாலன்றித் தட்டைத் தொடமாட்டான். இரண்டு வைத்துப் பார்த்தேன், நிமிர்ந்து நோக்கினான். மூன்றாவதையும் வைத்தேன். இந்த வயதில் இருவருக்கும் அது பெரிய விட்டுக்கொடுப்பன்று.