பேருதான் ஃபிஃப்டி!



காலையில ஆறு மணிக்கு நம்ம தியாகதுருகத்துல ரோட்டோரமா நின்னு பாருங்க. பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை, கீரைக்கூடை, முன்னாடி ஒரு குழந்தை, பின்னாடி ஒரு பாட்டி என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போவது ஒரே வண்டிதான். கம்பெனி இப்போது அதற்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்.எல். 100. ஆனா நம்ம ஊர்ல பழசு, புதுசு எல்லாமே "டிவிஎஸ் ஃபிஃப்டி"தான்.

இந்தப் பேர்தான் என்னை ஏமாத்துச்சு. அந்தக் கதையைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு வயது முடிந்ததும் என் நண்பன் ஒருவன் சொன்னான்: "டேய், பதினாறு முடிஞ்சா ஃபிஃப்டிக்கு லைசென்ஸ் தருவாங்கடா. கியர் வண்டிக்குத்தான் பதினெட்டு." எனக்கு ஒரே சந்தோஷம். எங்க வீட்டு வண்டியும் கியர் இல்லாததுதானே! அன்று இரவே அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு மெக்கானிக் கடைக்குப் போறேன், நீயும் வா" என்றார்.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, உங்க அப்பாகிட்ட ஆர்.சி.யை வாங்கி, சிசி எவ்வளவுன்னு படி" என்றார். படித்தேன். 99.7 என்று இருந்தது. "பேருதான் ஃபிஃப்டி. இது நூறு. சட்டத்துல இருக்கறது வேற ஃபிஃப்டி" என்றார்.

சிசி என்றால் என்ன?

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. அதாவது கன சென்டிமீட்டர். 1 சிசி என்பது 1 மில்லிலிட்டர். 100 மில்லி பிடிக்கும் டீ கிளாஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிஃப்டியின் எஞ்சின் அதில் பாதி கிளாஸ். எங்க வீட்டு வண்டி முழு கிளாஸ்.

பேர் எப்படி வந்தது?

டிவிஎஸ் என்பது திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் ஐயங்கார் என்ற பெயரின் சுருக்கம். அவர் 1911-ல் மதுரையில் தொடங்கிய தொழில்தான் பிறகு பெரிய குழுமமாக வளர்ந்தது. 1980-ல் ஓசூர் தொழிற்சாலையில் இருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. அதற்கு முன்பே, 1972-ல், லூனா வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி வந்த முதல் மொபெட் டிவிஎஸ் 50 தான். மோட்டாரும் பெடலும் சேர்ந்தது என்பதால்தான் "மொபெட்" என்ற பெயர். அந்தப் பழைய வண்டியில் சைக்கிள் மாதிரியே பெடல் இருக்கும். அதை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். பெட்ரோல் தீர்ந்துவிட்டால் மிதித்தே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எங்க தாத்தா சொல்லுவார்.

பிறகு பெடல் போய் கிக்கர் வந்தது. எக்ஸ்.எல். சூப்பரில் எஞ்சின் 69.9 சிசி ஆனது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100-ல் 99.7 சிசி. பழசு டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றணும், புகையும் வரும். இப்போது வருவது ஃபோர் ஸ்ட்ரோக். ஆயிலைப் பெட்ரோலில் கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் தனியாக இருக்கும், அதைத் தனியாகப் பார்த்து மாற்றணும்.

இத்தனை மாறியும் ஜனங்க வாயில் பேர் மட்டும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

என் நண்பன் சொன்னது முழுப் பொய் இல்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 4-வது பிரிவின்படி, பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது முடிந்திருக்கணும். 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள் என்றால் 16 வயது முடிந்தவர் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். அவன் விட்டது அந்த ஒரு எண்ணைத்தான். கியர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கணக்கு இல்லை. எஞ்சின் அளவுதான் கணக்கு. எக்ஸ்.எல். சூப்பரும் 50-ஐத் தாண்டியது, எக்ஸ்.எல். 100-ம் தாண்டியது, மற்ற ஸ்கூட்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற, பதினெட்டு முடியாத நமக்கு இந்த வண்டிகளுக்கு லைசென்ஸ் கிடையாது.

"சரி, போலீஸ் பிடிச்சா ஃபைன் கட்டிட்டா போச்சு" என்று சிலர் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் இப்படி வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால்:

1. பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்தான் குற்றவாளி. 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.
2. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து.
3. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் பயமாக இருந்தது சிறை, அபராதம். அப்பாவுக்கு அப்படி இல்லை. இரண்டாவதைக் காட்டி, "இது ஒண்ணு போதும்டா நம்மள முடிக்க" என்றார்.

எங்க வீட்டில் நாலு மாடு. காலையில் பன்னிரண்டு லிட்டர், சாயங்காலம் எட்டு லிட்டர் பால். சொசைட்டி மூன்று கிலோமீட்டர். ரெண்டு வேளையும் போய்வர வண்டிதான். கொல்லையில் இருந்து சோளத்தட்டு கொண்டுவருவதும் அதே வண்டிதான். பன்னிரண்டு மாதம் அந்த வண்டி ரோட்டில் போகக் கூடாது என்றால், பால் நேரத்துக்குப் போகாது. திரிந்த பாலைச் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள். மாட்டுக்கடனும் நிற்காது, என் தங்கையின் ஸ்கூல் செலவும் நிற்காது. நான் கடைத்தெரு வரைக்கும் ஒரு ரவுண்டு போக ஆசைப்பட்டது இத்தனையையும் பணயம் வைக்கிற விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்சூரன்ஸும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யார்மேலாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்கலாம் என்று கோர்ட்டு உத்தரவிடுவது உண்டு. அந்தத் தொகைக்கு நிலத்தைத்தான் விற்கணும்.

சின்ன வண்டிதானே?

எக்ஸ்.எல். 100-ன் சக்தி சுமார் நாலு குதிரைத்திறன். எடை எண்பது கிலோ சொச்சம். "மெதுவாத்தானே போகும், விழுந்தா என்ன ஆயிடும்?" என்று கேட்கலாம். நாம் இயற்பியல் வகுப்பில் படித்ததை வைத்தே கணக்குப் போடுவோம். ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க 1 விநாடி ஆகிறது, காய்ந்த தார் ரோடு, பிரேக் நன்றாக இருக்கிறது (விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது) என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 20 கி.மீ. வேகம்: நிற்க சுமார் 9 மீட்டர்.
மணிக்கு 40 கி.மீ. வேகம்: நிற்க சுமார் 23 மீட்டர்.
மணிக்கு 60 கி.மீ. வேகம்: நிற்க சுமார் 45 மீட்டர்.

கிரிக்கெட் பிட்ச் நீளம் 20 மீட்டர் சொச்சம். 40-ல் போனால் முழு பிட்ச்சையும் தாண்டித்தான் வண்டி நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகிறது. நம்ம ஊரை ஒட்டிப் போகும் சேலம் நெடுஞ்சாலையில் பஸ்ஸும் லாரியும் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். கரும்பு வெட்டும் காலத்தில் இருட்டில் டிராக்டர் டிப்பர் வேறு நிற்கும்.

இன்னொரு கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போய் தலை மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்தில் இருந்து தலைகீழாக விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடி. மெதுவாகப் போகிற வண்டிக்கு ஹெல்மெட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைக்குக் கீழே பட்டை மாட்டியிருக்கணும். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

பாரம் ஏற்றும்போது

இதை அப்பா சொல்லிக்கொடுத்தார். பாரம் முழுவதையும் பின்னால் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கனமானதைக் கால்களுக்கு நடுவே, தாழ்வாக வைக்கணும். பால் கேன் முழுசாக இருந்தால் பரவாயில்லை. பாதி கேன்தான் மோசம். திரும்பும்போது உள்ளே பால் தளும்பி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். ஈரமண்ணில், மணல் கிடக்கிற இடத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சறுக்கிவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாகப் பிடிக்கணும்.

கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். அது தப்பு. எஞ்சின் கொடுக்கும் கொஞ்சம் தடையும் போய்விடும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, வளைவில் பிரேக் பிடிக்காமல் போகும். ஆரம்பத்தில் இருந்தே மெதுவாக இறங்கணும்.

இப்போ நாம என்ன செய்யலாம்?

வண்டியை ஓட்டாமலே நிறைய கற்றுக்கொள்ளலாம். இப்போது எங்க வீட்டு வண்டிக்கு நான்தான் பொறுப்பு. தினமும் காலையில் அப்பா கிளம்பும் முன், ஸ்டாண்டு போட்டபடியே இதையெல்லாம் பார்க்கிறேன்:

1. இரண்டு டயரிலும் காற்று, ஆணி எதுவும் குத்தியிருக்கிறதா.
2. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஒயர் பிரிந்திருக்கிறதா.
3. செயின் தொய்வு.
4. ஹெட்லைட், பின் சிவப்பு விளக்கு, ஹாரன்.
5. வாரம் ஒருமுறை எஞ்சின் ஆயில் அளவு.
6. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எந்தத் தேதி வரை என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பின் பிரேக் ஒயர் ஒரு இழைதான் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அப்பா அன்று நெடுஞ்சாலையைக் கடந்து கேனோடு போகவேண்டிய நாள். ஒயர் மாற்றிய பிறகுதான் போனார்.

பதினெட்டு முடிந்ததும் முதலில் எல்.எல்.ஆர். எடுக்கணும். அது 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வு. அந்தக் காலத்தில் வண்டியில் எல் போர்டு இருக்கணும். லைசென்ஸ் உள்ள, நமக்குச் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காலை ஊன்றாமல் எட்டு போடணும். எக்ஸ்.எல்.-ல் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்ட முடியாது. இதுவும் நிறைய பேருக்குத் தெரியாது.

எட்டு போட இப்பவே பழகலாம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் சைக்கிள் இருக்கிறதே! விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, காலை ஊன்றாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நான் பதினோரு தடவை கால் ஊன்றினேன். பன்னிரண்டாவது தடவைதான் வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு வண்டியின் ஆர்.சி.யை வாங்கி சிசி எவ்வளவு என்று பாருங்கள். நாளைக்கு வந்து இந்தத் தாளுக்குக் கீழே இருக்கும் காலி இடத்தில் எழுதுங்கள். நம்ம ஸ்கூலில் எத்தனை "ஃபிஃப்டி" உண்மையான ஃபிஃப்டி என்று எண்ணிப் பார்த்துவிடலாம். முதல் வரியில் எங்க வீட்டு வண்டியை எழுதிவிட்டேன்: 99.7.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்