ரூபாய் இறங்கினால் நமக்கு இலாபமா?

குவைத்திலிருந்து மகன் ஒரு தினார் அனுப்பினால் இங்கே 250 ரூபாய்க்கும் மேல் கிடைக்கிறது. உம்ராவுக்கு வரும் இந்தோனேசியரின் கையிலோ ஒரு இலட்சம் ரூபியா நோட்டு இருக்கும். நம் பணத்தில் அது ஐந்நூற்றுச் சொச்சமே. “ஏன் இப்படி?” என்று என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் கேட்டான். இக்கேள்வி உங்கள் உள்ளத்திலும் எழுந்திருக்கக்கூடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். ஒரு நாணயத்தின் மதிப்பு குறைவு என்பதாலேயே அந்நாடு ஏழை நாடாகிவிடாது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்றே இருந்தது. அக்காலத்தில்தான் ஜப்பான் பெரும் தொழில் நாடாக உயர்ந்தது. துருக்கி 2005இல் தன் லிராவிலிருந்து ஆறு சுழியங்களை நீக்கியது. அதனால் எவரும் ஏழையாகிவிடவில்லை. மாகறலில் நெய்த பட்டை முழத்தால் அளந்தாலும் மீட்டரால் அளந்தாலும் பட்டு ஒன்றுதான். ஆனால் அளவுகோலே ஆண்டுக்காண்டு சுருங்கினால் என்னாகும்? கவலைக்குரியது அதுவே.

நம் ரூபாயின் வரலாற்றையே பாருங்கள். ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளில் நமது ரூபாயே புழங்கியது. அங்குள்ள புழக்கத்திற்கென்றே 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி தனி நோட்டுகளை வெளியிட்டது. 1961இல் குவைத் தன் தினாரைக் கொண்டு வந்தபோது, பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு தினார் கிடைத்தது. 1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அதன்பின் கத்தார், துபை போன்ற பகுதிகளும் ரூபாயைக் கைவிட்டன.

நாணயம் சுருங்குவதற்குக் காரணங்கள் பல, முக்கியமானவை மூன்று. பிற நாடுகளைவிட இங்கே விலைவாசி வேகமாக ஏறுவது ஒன்று. ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்து, டாலருக்குத் தேவை கூடுவது இரண்டாவது. கடன் பெருகி நம்பிக்கை குலைவது மூன்றாவது. செலவை ஈடுகட்ட நோட்டை அச்சிட்டுத் தள்ளிய ஜிம்பாப்வேயில், 2009இல் நூறு இலட்சம் கோடி டாலர் என்று ஒரே நோட்டு வெளிவந்தது! அந்நியச் செலாவணி வற்றிய இலங்கையில், 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டாலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாயை எட்டியது.

1991இல் நம் நாட்டுக்கும் இந்நிலை நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. பெட்ரோலிய விலை ஏறியது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வேலையிழந்து திரும்பினர். அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. ஏற்கெனவே கடன் சுமையால் தள்ளாடிய அரசு, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. ஜூலையில் ரூபாயின் மதிப்பை இருமுறை குறைத்தது. நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்திற்கும் நாட்டின் நாணயத்திற்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“ரூபாய் இறங்கினால் நமக்கு நல்லதுதானே!” என்று மகிழும் தாய்மார்கள் உண்டு. ஒரு கையால் வரும் கூடுதல் பணம் மறு கையால் போய்விடுவதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சமையல் எண்ணெயும் பெட்ரோலும் பெருமளவு வெளியிலிருந்தே வருகின்றன, தங்கமும் அப்படியே. தங்கமும் வெள்ளியும் ஏறினால் சரிகை ஏறும். சரிகை ஏறினால் சேலை விலை ஏறும். வாங்குவோர் தயங்கினால் தறி நிற்கும். வெளிநாட்டில் மகன் இல்லாத நெசவாளியின் வீட்டில் விலையேற்றம் மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? உண்டியல் வழியாக அனுப்பும்போது இங்கே ரூபாய் கைமாறுகிறது. தினாரோ அங்கேயே தங்கிவிடுகிறது. வங்கி வழியே வரும் தினார்தான் நாட்டின் கையிருப்பில் சேர்கிறது. நூறோ இருநூறோ கூடுதலாகக் கிடைக்கிறதே என்று உண்டியலை நாடுகிறோம். ரூபாயைத் தாங்க வேண்டிய தூணை நாமே அரிக்கிறோம். அடுத்த முறை மகனிடம் பேசும்போது, பணம் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்.